கங்கப்பன் சொன்ன வேண்டாம்

இனி முனிலட்சுமியிடம் சத்தம் போடுவதில்லை, தத்துவம் பேசியே ஜெயிப்பது என்று கங்கப்பன் முடிவெடுத்தது கம்பெனி பயிற்சி வகுப்பில்தான்.

ஓசூரில் வால்வு செய்யும் கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். பெங்களூரிலிருந்து வந்த மனோதத்துவ மேடம் அன்று முழுக்கப் பேசினார். நிற்கக்கூடத் தெரியாத குழந்தை, கண்ணாடியில் தன் முழு உருவத்தைப் பார்த்து 'இதுதான் நான்' என்று நம்பிவிடுகிறதாம். அப்புறம் ஆயுசுக்கும் அடுத்தவர் நடையை, பேச்சை, ஆசையை எடுத்துத் தன்மேல் மாட்டிக்கொள்கிறதாம். மற்றவர்கள் பிஸ்கட் தின்றார்கள். கங்கப்பன் குறிப்பெடுத்தான்.

காரணம் இருந்தது. ஜூஜுவாடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் அவன் மனைவி முனிலட்சுமியை லைன் லீடராகச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். லீடரானால் அவளுக்குக் கீழே முப்பது பேர். கங்கப்பனுக்குக் கீழே பதினெட்டுப் பேர்தான். இந்தக் கணக்கை அவன் வெளியே சொல்லவில்லை. ஒரு வாரமாக 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தான். லீடராகும் ஆசை அவளுடையதே இல்லை. அதே கம்பெனியில் போன வருஷம் லீடரான லிபியாவைப் பார்த்துப் பார்த்து, தன்னை லிபியாவாகவே நினைத்துக்கொண்டதால் வந்த இரவல் ஆசை என்று விளக்கினான். கண்ணாடிக் குழந்தையையும் விடவில்லை.

முனிலட்சுமி குறுக்கே பேசாமல் கேட்டாள். யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்றாள். கங்கப்பனுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"நீங்க வேண்டாங்கறத ஒருதரம் நல்லா அழுத்திச் சொல்லுங்க. செல்போன்ல புடிச்சு வெச்சுக்கறேன். ஆசை வர்றப்பல்லாம் போட்டுக் கேட்டுக்குவேன்."

கங்கப்பன் எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான். "பொம்பள நாலு பேர மேய்க்கப் போயித்தான் இந்த வீட்ல அடுப்பெரியணும்னு இல்ல. வேண்டாம்னா வேண்டாம்."

அவள் அதை அப்படியே ஊத்தங்கரையில் இருக்கும் மாமியார் கெம்பம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் பதில் குரல் வந்தது.

"ஏம்மா, உங்க மாமா செத்து ஆறு வருஷமாச்சே, அவரு பேசினது உங்கிட்ட ஏது? மகளிர் சங்கத்துக்கு என்னைத் தலைவியாக் கூப்பிட்டப்ப சொன்னது இது. செருமல்கூட அவருதே."

கங்கப்பன் உட்கார்ந்துவிட்டான். அப்பா அதைச் சொன்ன அன்றைக்கு அவனுக்கு ஏழு வயசு. தான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதும், அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போனதும் ஞாபகம் வந்தது.

"அப்ப இது மாமா சொன்ன வேண்டாம்," என்றாள் முனிலட்சுமி. "உங்க சொந்த வார்த்தை என்னன்னு சொல்லுங்க. அவசரமில்ல."

அவன் யோசித்தான். அப்பா சொல்லக்கூடியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தான். அவர் வாயில் ஒருநாளும் வராத வார்த்தை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

"சரி," என்றான். நாற்பத்தோரு வயசில் சொந்தக் குரலைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை அவன் முகத்தில் தெரிந்தது.

"நல்லதுங்க," என்றாள் முனிலட்சுமி. "நான் திங்கக்கெழமையே கையெழுத்துப் போட்டுட்டேன்."