மூன்றாவது கட்டம்

“அந்த வீட்டுல நான் எங்கங்க இருக்கேன்?” என்று மனைவி கேட்டபோது, லிப்ட் மெக்கானிக் வாயில் வைத்த கவளத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தார்.

அந்த வீடு இன்னும் கட்டப்படவில்லை. சாப்பாட்டு மேசையில் கிடந்த தாளில், ஆங்கிலத்தில், மூன்று வரியாக இருந்தது. அவ்வளவுதான்.

மாலை நேர ஆங்கில வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடம் அது. ‘அன்று’, ‘இன்று’, ‘நாளை’ என்று மூன்று கட்டம். தன் அன்றாட வாழ்க்கையை மூன்றிலும் எழுதி வெள்ளிக்கிழமை படித்துக் காட்ட வேண்டும். தேறினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் சூப்பர்வைசர் பதவி. பதினெட்டு வருஷமாக லிப்ட் குழிக்குள் இறங்கி ஏறியவருக்கு, இனிமேலாவது மேலே நின்றுகொண்டு “இறங்குப்பா” என்று சொல்ல ஆசை.

அன்று, படி ஏறினேன். இன்று, லிப்ட் பழுது பார்க்கிறேன். இரண்டும் சுலபமாக வந்துவிட்டன. நாளைக்குத்தான் இரண்டு மணி நேரம் அகராதியைப் புரட்டினார். ‘ஓர் அறை வீட்டில் இருப்பேன். ஒன்பது மணிக்கு எழுந்திருப்பேன். யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள்.’

அதைத்தான் மனைவி, தட்டை வைத்த கையோடு ஒரே பார்வையில் படித்துவிட்டாள். எப்படிப் படித்தாள் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

“தாள்ல இடம் பத்தலை.”

“தாள்லயா, மனசுலயா?”

உடனே பேனாவை எடுத்து, ‘என் மனைவி சமைப்பாள்’ என்று சேர்த்தார்.

“அங்கயும் நான்தானா?”

அதை அடித்துவிட்டு, ‘ரோபோ சமைக்கும்’ என்று எழுதினார். அரை மணி நேரத்தில் செய்தி மாமியாருக்குப் போய், போனாகத் திரும்பி வந்தது.

“மாப்பிள்ளை, சமையலுக்கு ரோபோ வைக்கப் போறீங்களாமே. அப்போ நான் வந்து இருந்தா யாருக்கும் தொந்தரவு இல்ல. ரூம் மட்டும் கிழக்குப் பக்கமா இருக்கட்டும். மூட்டு வலிக்கு வெயில் வேணும்.”

“அத்தை, அது வெறும் பாடம்.”

“பாடத்துலயே இடம் இல்லாதவளுக்கு வீட்டுல எங்க மாப்பிள்ளை கிடைக்கும்?”

ஓர் அறை கூடிற்று. மறுநாள் அவருடைய அக்கா நேரிலேயே வந்துவிட்டாள்.

“அவ அம்மாவுக்குக் கிழக்கு ரூமு. கூடப் பிறந்தவ நான் தெருவுலயா?”

அக்காவை மாடியில் குடியேற்றினார். தனியாக விட்டுவிட்டானே என்று அழுதாள். துணைக்கு அத்தானையும் சேர்த்தார்.

“அவருக்கு மாடி ஏறினா மூச்சு வாங்கும்டா.”

“அதுக்கு?”

“நீ லிப்ட்காரன்தானே? ஒண்ணு போடு.”

போட்டார். போட்ட லிப்ட் என்றைக்காவது நிற்கும். நின்றால் ஆறு மணிக்கே எழுந்து குழிக்குள் இறங்க வேண்டும். ‘யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள்’ என்ற வரியைப் பெருமூச்சோடு அடித்துவிட்டு, ‘லிப்ட் பழுது பார்ப்பேன்’ என்று எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை, புதுத் தாளை மனைவி மேலோட்டமாகப் பார்த்தாள். “இப்போ சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தையல் வகுப்புக்குக் கிளம்பினாள். ஆறு மாதமாகத் தினமும் போகிறாள். இதுவரை ஒரு தலையணை உறைகூடத் தைத்து வந்ததில்லை.

மாலையில் அவர் படித்ததை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“இன்னிக்கு லிப்ட் ரிப்பேர் பண்றீங்க.”

“ஆமா மேடம்.”

“நாளைக்கும் அதேதான் பண்றீங்க.”

“வீட்டுல ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான் மேடம்.”

“கட்டம் கட்டமா வாழ்க்கை மாறணும். மாறவே இல்லையே. அடுத்த மாசம் மறுபடி எழுதிட்டு வாங்க.”

சூப்பர்வைசர் பதவி கைக்கெட்டி நழுவிவிட்டது. அவருக்கு அழுகையே வந்தது. ஆசிரியை இரக்கப்பட்டு, பெயரை மடித்து மறைத்து ஒரு தாளை நீட்டினார்.

“காலை வகுப்புல ஒருத்தங்க எழுதினது. முதல் மார்க். மாதிரிக்கு மூணாவது கட்டத்தைப் படிச்சுப் பாருங்க.”

ஓர் அறை. ஒரே ஒரு நாற்காலி. பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பேன். ‘என் கண்ணாடி எங்கே’ என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அவருக்குப் பொறாமையாக இருந்தது. கொடுத்துவைத்த பெண்.

“இவங்களுக்குக் குடும்பமே இல்லையா மேடம்?”

“இருக்கே! வீட்டுல தையல் கிளாஸ்னு சொல்லிட்டுத்தான் இங்க வர்றாங்க. புருஷனைக்கூட மறக்காம எழுதியிருக்காங்க, ‘அன்று’ கட்டத்துல பாருங்க.”