மஜ்லிஸில் ரெண்டு பேர்

இப்ரி

பேரன்புள்ள மருமகன் கைஸுக்கு, மாமா கல்ஃபான் பின் ராஷித் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், மேற்குச் சுவர், புதுக் கூரை யாவரும் நலம். மஸ்கட்டில் நீயும் உன் கணினியும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன்.

நன்றி சொல்லவே உட்கார்ந்தேன். போன கோடையில் உன் மாமி ஸுவைனா, "இது வீடா, ரொட்டி அடுப்பா? குளிர்ந்தா சொல்லியனுப்புங்க, வர்றேன்" என்று மலைமேல் தங்கை ஷம்ஸா வீட்டுக்குப் போனதும், நான் மீனைக் கருக்கித் தின்று பாதி ஆளாகிப் போனதும், நீ ஓடிவந்து சுவர் சுவராக அளந்து நம் வீட்டை அப்படியே கணினிக்குள் கட்டினதும், விரலால் தட்டியதும் சூரியன் ஒரு நொடியில் எழும்பி மேற்கே இறங்க, வீட்டின் மேற்குப் பக்கம் சிவந்துபோனதும், "ஐயோ, வீட்டுக்குக் காய்ச்சலா மருமகனே?" என்று நான் அலறினதும் உனக்குத் தெரியாததா! ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் ஜன்னலைச் சுருக்கிப் பார்த்தாய், வெயிலுக்குச் சாய்ப்பு இறக்கிப் பார்த்தாய், கூரைமேல் சூடு தடுக்கும் பலகை பரப்பிப் பார்த்தாய்; திரையில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அப்புறம்தான் கொத்தனாரைக் கூப்பிட்டாய். நான் என்றால் இடித்துவிட்டுத்தான் யோசித்திருப்பேன்.

நடுவில் நடந்த கூத்துக்கு நான் பொறுப்பில்லை. "மாமா, மஜ்லிஸ் கூடத்துல சாயங்காலம் எத்தனை பேர் உட்காருவாங்க? ஆள் சூடும் கணக்குல சேரணும்" என்று கேட்டாய். வருகிற விருந்தாளியை எவனாவது வாய்விட்டு எண்ணுவானா? கண் பட்டுவிடாதா? "நம்ம வீட்டுக்கு யாருப்பா வர்றா, ரெண்டு பேர்" என்று சொல்லிவைத்தேன். நீயும் நம்பி, ரெண்டு பேருக்கு ஏற்ற குட்டி ஏசியை மாட்டச் சொல்லிவிட்டாய். முதல் சாயங்காலமே தெருவே வந்து உட்கார்ந்தது. "ஏம்ப்பா கல்ஃபான், எங்களையும் பேரீச்சம்பழத்தோட சேர்த்துக் காயப்போடுறியா?" என்றார் பக்கத்து வீட்டு ஹிலால். இன்னொருத்தன் என்றால் என்னைக் கிழித்திருப்பான். நீயோ மறுநாள் மூலையில் உட்கார்ந்து, கண் படாமலிருக்க "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்று முணுமுணுத்தபடி கண்ணாலேயே எண்ணினாய். கணினிக்குள்ளிருந்த மஜ்லிஸில் ஆட்களை நிரப்பி, சூடு வெளியேற உயரத்தில் வழி வைத்து, ஏசியையும் மாற்றினாய். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமிக்குப் போன் போட்டேன்.

"குளிருதா?"

"போர்வை தேடுறேன்டி."

"பொய்யின்னா வந்த வண்டியிலேயே திரும்பிடுவேன்."

போன வாரம், மேற்கு வெயில் காயும் நேரத்தில் வந்தாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவேயில்லை. "கைஸ் நல்லா இருக்கணும்" என்றாள். பிறகுதான் திரும்பி, "என்னங்க, இப்படி இளைச்சுட்டீங்க?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மருமகனே. இந்த உதவியை எந்நாளும் மறக்கமாட்டேன்.

உன் வீட்டில் பரக்கத் பெருகவும், உன் கணினிக்குள் வெயில் ஏறாதிருக்கவும் வேண்டும்

மாமா கல்ஃபான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு செய்தி. மாமி தங்கையிடம் பெருமையடித்துவிட்டாள். அதிசய வீட்டைப் பார்க்க ஷம்ஸா குடும்பத்தோடு இறங்கிவந்தாள். அவளைப் பார்க்க வந்த இப்ரிச் சொந்தம் பூராவும் குளிர்ச்சி கண்டு பாயை விரித்துவிட்டது. எல்லா அடுப்பும் எரிகிறது, எல்லாக் கதவும் திறந்து கிடக்கிறது, வீடு பழையபடி ரொட்டி அடுப்பு. மாமி மறுபடி பையைத் தூக்கிவிட்டாள். ஷம்ஸாவின் மலைவீடு காலியாகத்தானே கிடக்கிறது! இந்தத் தடவை என்னையும் கூட்டிக்கொண்டாள். இதை இங்கே மலைமேல் மாதுளை மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எத்தனை பேர் என்று கேட்பாய். சத்தியமாக ரெண்டு பேர்தான்.