வெர்லி வாசித்த பாட்டு

“இதுவும் இல்ல,” என்றார் எஸ்டில்.

டல்சிமர் என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் குழுவினரான நாங்கள் நால்வரும் பெருமூச்சு விட்டோம். தேவாலயத்தின் கீழறையில் வியாழன்தோறும் கூடுவோம். ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு மாற எங்களுக்குக் கால் மணி நேரம் ஆகும். நான்கு வாத்தியங்களும் ஒத்துப்போனதாகச் சரித்திரமே இல்லை.

வரும் ஞாயிறு, கல்லறைகளைக் கழுவிப் பூ வைக்கும் நாள். எஸ்டிலின் மனைவி வெர்லி போன பிறகு வரும் முதல் பூ நாள். அவள் தினமும் சமையலறையில் வாசித்ததை அவள் தலைமாட்டில் ஒரு முறை கேட்க வேண்டும், அவ்வளவுதான் எஸ்டிலுக்கு. பாட்டின் பெயர் தெரியாது. சுவர் வழியாகக் கேட்டதுதான். அவளுடைய டல்சிமரைக் குழந்தையைப் போலப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து எங்களிடம் ஒப்படைத்திருந்தார்.

“கொஞ்சம் முனகிக் காட்டுங்கண்ணே,” என்றாள் எங்கள் தலைவி க்ளெத்தா.

முனகினார். முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் எந்திரத்தோடு கத்திப் பழகிய தொண்டை அது.

“எங்க டிராக்டர் இதே பாட்டத்தான் பாடும்,” என்றார் டெல்பர்ட்.

“நீ சும்மா இருய்யா!” என்று அதட்டினாள் க்ளெத்தா.

மூன்று தந்திகளையும் ச-ப-ப என்று வைத்துப் பார்த்தாயிற்று. “ச-ப-நி வைப்போம். துக்கத்துக்கு அதுதான் தோது,” என்றாள் க்ளெத்தா. வைத்தோம். துக்கம் வந்தது, பாட்டு வரவில்லை.

“அப்ப ச-ப-ச. இன்னும் கொஞ்சம் முறுக்கு.”

முறுக்கினாள். பட்டென்று தந்தி அறுந்தது.

எஸ்டில் அந்தத் துண்டை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார். “இது அவ கையால மாட்டுனது,” என்றார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“புதுத் தந்தி நான் போடுறேன்,” என்று பதறிய டெல்பர்ட், வேலை சுலபமாகட்டுமென்று மற்ற தந்திகளையும் தளர்த்தினார். தந்திகளைத் தாங்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டு, அழுத்திப் பிடிக்க ஆளில்லாமல் சரிந்து விழுந்து, அடுப்புக்கடியில் உருண்டது. தரையில் குப்புறப் படுத்துத் துடைப்பக்கட்டையால் துழாவி எடுத்தோம். அது எந்த இடத்தில் நின்றிருந்தது என்று நான்கு பேரும் நான்கு இடங்களைக் காட்டினோம்.

“கெட்டது போ! இருந்ததும் போச்சு,” என்றாள் க்ளெத்தா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “முதல்லேருந்து ஆரம்பிக்கலாம்.”

குதிரையை நிறுத்திப் புதுத் தந்தியை மாட்டி, டெல்பர்ட் சுண்டினார். க்ளெத்தா முறுக்காணியைத் திருப்பினாள். டொய்ங்... டொய்... டிங். கொஞ்சம் ஏற்றம். மறுபடி சுண்டல். கொஞ்சம் இறக்கம். டிங்... டிங்...

எஸ்டில் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றி மார்போடு சேர்த்துக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

“இதுதான்! நிறுத்தாதீங்க... இதுதான் என் வெர்லியோட பாட்டு!”

முறுக்காணியில் கை வைத்தபடி க்ளெத்தா டெல்பர்ட்டைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். இதை எப்படிச் சொல்வது, யார் சொல்வது?

எஸ்டிலோடு வந்து, மூலையில் எங்களுக்காக ஆப்பிள் கேக் வெட்டிக்கொண்டிருந்த வெர்லியின் தங்கை ஓமா, கத்தியைக் கீழே வைத்தாள்.

“அத்தான், இது சுருதி சேக்குற சத்தம்; அக்கா சேத்து முடிக்கிறதுக்குள்ள நீங்க பசிக்குதுன்னு குரல் குடுத்துடுவீங்க, பாட்டை ஆரம்பிக்க அவளுக்கு ஒரு நாளும் வாய்க்கலையே!”