டயல்டோனின் மூன்றாவது கை

தி. நகர் மெஸ் ஒன்றில் சாம்பார் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு நான் நடந்துகொண்டிருந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. சொல்வதற்குள் போய்விடுவது என் வழக்கம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வெளியே வந்ததும் அப்படித்தான். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை. மெஸ்ஸில் பரிமாறுகிறவன் கடைசியில்தான் சாப்பிடுவான். அன்றைக்கு அந்தக் கடைசி வருவதற்கு முன்பே அண்டா கவிழ்ந்துவிட்டது.

லஸ் முனையைத் தாண்டும்போதுதான், டெலிபோனை ஒருமுறைகூடப் பேசுவதற்குப் பயன்படுத்தாத அந்த மனிதரைப் பார்த்தேன். தெருவுக்குத் தெரு மஞ்சள் போர்டு மாட்டி எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம் அது. அவர் காதில் வைக்காத ரிசீவர் மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை ஒன்றுகூட இருந்திருக்காது. ஆனால் எந்த போனிலும் அவர் "ஹலோ" சொன்னதில்லை.

ஊர் அவருக்கு வைத்த பெயர் டயல்டோன், ரிசீவரை எடுத்ததும் கேட்கும் அந்த ஒரே சீரான ரீங்காரத்தின் பெயர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டு பென்சில் துண்டுகள். கையில் தக்காளிச் சிவப்பில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார். பூத் கதவை முதுகால் திறந்து பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா நைனா, ஜோலி எதுனா கீதா?"

"இல்ல."

"அப்ப இத்தப் புடி."

ரிசீவரை என் கையில் திணித்து, அதைத் தன் காதோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிறகு கிட்டாரின் ஓரத்தைக் கடித்தார்.

நான் பார்த்தது அதைத்தான். கண்ணை மூடிக்கொண்டு, பல்லால் கவ்விக்கொண்டு, ஒரு கையால் கம்பியை மீட்டி, மறு கையால் கம்பியை முறுக்கும் சாவியைத் திருகினார். எலக்ட்ரிக் கிட்டாரை ஒலிபெருக்கிப் பெட்டியில் செருகாமல் வாசித்தால் கொசு பாடுகிற அளவுக்குத்தான் கேட்கும். பல்லில் வைத்தால் சத்தம் மண்டைக்குள் நேராகப் போகிறதாம். ஒரு காதில் டயல்டோன், மண்டைக்குள் கிட்டார். இரண்டும் ஒன்றாகும்வரை மூன்றாவது கம்பியை முறுக்குவார். மற்ற ஐந்தையும் அதை வைத்துச் சேர்ப்பார். அவர் சரிசெய்த கிட்டார்களை ஓரத்தில் இருக்கும் பல் தடத்தை வைத்தே அடையாளம் சொல்லலாம்.

"டயல்டோனு ஓசி நைனா. நம்பர் போட்டாத்தான் மீட்டரு ஓடும். இதோட நிறுத்திக்கினா யாரு கேப்பாங்க?"

கேட்டார்கள். வரிசையில் நின்றிருந்த ஒரு மாமிக்குக் கிட்டார் தெரியவில்லை. கண்ணை மூடித் தலையை ஆட்டும் மனிதர் மட்டுமே தெரிந்திருக்கிறார்.

"அடடா, என்ன சேதிப்பா? ஆத்துல யாருக்காவது ஒடம்பு முடியலையா? இந்தா, ஒரு வாய் தீர்த்தம் குடி."

டயல்டோன் பல்லை எடுக்காமல் கையை உயர்த்தினார். நம்பர் போடாததால் பத்துப் பன்னிரண்டு விநாடியில் டோன் அறுந்து கீங் கீங் என்று கத்தத் தொடங்கியது. "போச்சே!" என்று அலறினார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் அதே மாமிதான் பூத்காரரைக் கூப்பிட்டு எங்கள் இருவரையும் வெளியே தள்ள வைத்தார்.

"பாத்தியா? மன்சனுக்குக் கை ரெண்டு. இந்த வேலைக்கு மூணு வோணும். வரியா?" என்றார். எனக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை.

சாந்தோம் நோக்கி நடந்தோம். நடந்துகொண்டே வேலையும் பார்த்தார். கிட்டார் பிலோமினாவினுடையது. காலையில் அம்மாவோடு மீன் விற்கும் பெண். மாலையில் மாதா கோயில் பாடற்குழு. யாரோ வாசித்துச் சலித்த இந்தக் கிட்டாரை ஆசைப்பட்டு வாங்கி நான்கு மாதமாகிறது. அது ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். அன்று மாலை திருவிழா மேடை. கீபோர்டு வாசித்துக் குழுவை நடத்தும் ராயப்பன் கடைசியாகச் சொல்லிவிட்டாராம்: இன்றைக்கும் இறங்கினால் நாளை முதல் நீ கைதட்டுகிறவர்கள் வரிசையில் நில்.

"எல்லாரும் சாவியத்தான் திட்டுவானுங்க. பாவம், அது இன்னா பண்ணும்? கம்பி எங்க சிக்கிக்கினு கீதுன்னு பாக்க மாட்டானுங்க."

சாவித் தண்டில் ஒவ்வொரு கம்பியையும் எட்டு சுற்று சுற்றியிருந்தார்கள். கழற்றி, மூன்றே சுற்றாகச் சுற்றினார். கழுத்தின் உச்சியில் கம்பிகள் படுத்துப் போகும் வெள்ளைப் பட்டையின் பள்ளங்களில் பென்சில் முனையைத் தேய்த்துக் கரியைப் பூசினார். பிறகு ஒவ்வொரு கம்பியையும் விரலால் தூக்கித் தூக்கி இழுத்தார். அறுந்துவிடும் என்று நான் பயந்தேன்.

"புதுசா சுத்துன கம்பி, பஸ்ஸுல இப்பதான் ஏறுனவன் மாதிரி. நாலு தபா தள்ளுனாத்தான் ஒரு எடத்துல நிப்பான்."

சாந்தோமில் திருவிழா மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பூத் ராயப்பனுடையது. அதில் டயல்டோன் இனி நுழையக் கூடாது என்று ராயப்பன் மாதா மேல் ஆணையிட்டிருந்தார். வாசலில் காத்திருந்த பிலோமினா எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"மாமா, டைம் ஆச்சு! ராயப்பண்ணன் உள்ளதான் கீறாரு. இன்னா பண்ணப் போற?"

"இதோ, ஊருக்கு பேசப் போறாரு," என்று என்னைக் காட்டினார்.

நான் உள்ளே போனேன். தெருவைப் பார்த்த பூத் கதவை முட்டியால் லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு ரிசீவரை வெளியே நீட்டினேன். கதவுக்கு வெளியே தரையில் டயல்டோன் குந்தி உட்கார்ந்து கிட்டாரைக் கடித்துக்கொண்டிருந்தார். டோன் அறும்போதெல்லாம் பிலோமினா என் சட்டையை இழுப்பாள். நான் போனின் கொக்கியைத் தட்டி மறுபடி டோனை வரவைப்பேன்.

"எந்த ஊருப்பா?" என்றார் ராயப்பன், மேசையிலிருந்து.

"திண்டிவனம்."

"இன்னும் லைன் கெடைக்கலியா?"

"எங்கேஜ்டு."

ஆறாவது தட்டலில் அவருக்குச் சந்தேகம் வந்து எழுந்து வந்தார். சிவப்பு எண்கள் ஓடாத மீட்டரைப் பார்த்தார். கதவுக்கு வெளியே போகும் ஒயரைப் பார்த்தார். ஒயரின் முனையில் யார் என்பதையும் பார்த்தார்.

"டேய் டயல்டோனு! என் போனு உனக்கு ஊதற பீப்பியாடா?"

"முட்ஞ்சிருச்சு நைனா, முட்ஞ்சிருச்சு!" என்று டயல்டோன் கிட்டாரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினார். நாங்களும் ஓடினோம். பசி மறந்து நான் ஓடிய ஒரே ஓட்டம் அது.

வேலை அசல் வேலை. மேடைக்குப் பின்னால் பிலோமினா எத்தனை முறை அடித்தாலும் கம்பி சுருதியிலிருந்து அசையவில்லை. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு அவள் மேடை ஏறினாள், ராயப்பன் வந்து கீபோர்டில் கை வைத்தார்.

இரண்டும் சேர்ந்ததும் தகரத்தைத் தரையில் இழுத்தது போல இருந்தது.

"பாத்தியா? நான் சொல்லல?" என்றார் ராயப்பன். "எறங்கு பிலோ. கைதட்டு, போ."

பிலோமினாவின் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன். டயல்டோன் மட்டும் மேடை மேல் ஏறினார். கிட்டாரை ஒரு கடி கடித்தார்.

"கிட்டாரு சோக்கா கீது. உன் பொட்டிதான் முடியளவு எறங்கிக்கினு கீது."

"கம்பெனி பொட்டிடா! அது எறங்குமா?"

"இவ்ளோ நாளு நீ கேட்டியா? நான் தெனம் கேக்கறேன். இந்த ஊரு அந்த சுருதியிலதான் கீது."

"அப்ப கிட்டார எறக்கு!"

"இப்ப எறக்குனா இம்மாம் நேரம் தள்ளித் தள்ளி நிக்க வெச்ச கம்பி மறுபடி அலையும். அஞ்சு நிமிசத்துல நிக்காது." கீபோர்டைச் சுற்றி வந்து அதன் பின்பக்கத்தில் குனிந்தார். "இன்னா இது ஓட்ட?"

"அது... காத்துக்கு வெச்சிருப்பான்."

காற்றுக்கு இல்லை. உள்ளே சுருதியை ஏற்றி இறக்கும் ஒரு சின்னத் திருகு இருந்தது. ஏழு வருடமாக ராயப்பன் அதைத் தொட்டதில்லை. டயல்டோன் பிலோமினாவின் கூந்தலிலிருந்து ஒரு ஊசியை உருவி உள்ளே விட்டார். "அடிம்மா மூணாவத. நைனா, நீ அந்தக் கட்டைய அமுக்கினே இரு," என்று ராயப்பனுக்கே உத்தரவு போட்டார். அவரும் அமுக்கினார். இரண்டு சத்தங்களும் முதலில் அடித்துக்கொண்டன, பிறகு ஊசலாடின, பிறகு மெல்ல நெருங்கின. சட்டென்று மேடையில் ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது.

அன்று ஒன்பது பாட்டு. ஒரு கம்பிகூட இறங்கவில்லை. கடைசிப் பாட்டுக்குக் குப்பத்துச் சனம் நாற்காலி மேல் ஏறி விசிலடித்தது. பிலோமினாவின் அம்மா, "எம்பொண்ணு! செவப்பு கிட்டாரு எம்பொண்ணு!" என்று தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கிய ராயப்பன் என்னை ஓரம் கட்டினார்.

"இன்னா சுருதிடா அது? எங்கயோ கேட்ட மாதிரியே கீது."

"உங்க போனுண்ணே."

அவர் தன் பூத் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு, "திண்டிவனத்துல உனக்கு யாரு கீறாங்க?" என்றார்.

"யாரும் இல்ல."

"கச்சேரிக்குப் போற நாள்ல பூத்துல உக்கார எனக்கு ஆளு இல்ல. காலைல வந்துடு." நான்கு அடி போய்த் திரும்பினார். "அவன் வந்தா... வரிசை இல்லாதப்ப மட்டும் உடு."

மறுநாள் காலை வேலையில் சேர்ந்தேன். ஷட்டரைத் தூக்கியபோது தெருவில் பால்காரரைத் தவிர யாரும் இல்லை. தூரத்தில், தெருமுனையில், கையில் பச்சை நிறத்தில் வேறொரு கிட்டாரோடு டயல்டோன் பூத் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். மேசையைக்கூடத் துடைக்காமல் நான் ரிசீவரை எடுத்தேன். கதவை முட்டியால் திறந்து, ஒயர் போகிற தூரம்வரை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.