ரோமாபுரிக்கு ஒரு நேர்ச்சை

இந்த வருஷம் லிஜியிடம் அனுமதி கேட்காமல் ஒரு காரியமாவது செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானித்த பிறகுதான் என் பாஸ்போர்ட் அவள் பீரோவில் இருப்பது ஞாபகம் வந்தது.

வளைகுடாவில் எல்லாருக்கும் கஃபீல் என்று ஓர் அரபி இருப்பார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விசா. எனக்குக் கஃபீல் என் பெண்டாட்டி. லிஜி அஜ்மானில் ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். மற்றவர்கள் எப்போதாவது கஃபீலைப் பார்த்துப் பயப்படுவார்கள். எனக்குப் பயமும் சாப்பாடும் ஒரே தட்டில் வரும்.

அது 2006. வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறி, எங்கள் ஏசி கம்பெனியிலும் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கிடைக்க ஆரம்பித்த நேரம். மேல்மாடி ஷிபினுக்கு டிராவல்ஸில் வேலை. ரோமுக்கு இரண்டு டிக்கெட் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது என்றான்.

"அண்ணே, நீங்களும் நானும் மட்டும். வியாழக்கிழமை ஏறினா ஞாயித்துக்கிழமை டூட்டிக்கு வந்துரலாம்."

எனக்கு அங்கே இடிந்து கிடக்கும் கட்டடங்கள் மேல் ஆசையில்லை. தெருவோரக் கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "எந்திரிங்க, நேரமாச்சு" என்று சொல்ல ஆளில்லாமல் ஒரு காப்பி குடிக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இருக்கும் ஒரே ஆசை அதுதான்.

"லிஜி விடமாட்டாளேடா?"

"உங்க கஃபீலாவது பரவாயில்ல. அக்ஸாவ நெனச்சா எனக்கு இங்கேயே குளிருது."

அக்ஸா, ஷிபின் மனைவி. லிஜியோடு அதே வார்டில் வேலை. கல்யாணமாகி ஏழு மாதம்.

யோசித்தேன். நாங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். எங்கள் பெண்களிடம் எதைக் கேட்டாலும் கிடைக்காது, புனிதருக்கு வேண்டிக்கொண்ட நேர்ச்சை என்று சொன்னால் மட்டும் கிடைக்கும். ரோமில் இருப்பது யார்? புனித ராயப்பர், அதாவது பேதுரு. அவரும் மீன் பிடித்தவர், நானும் மீன் பிடித்த வம்சம். கோபித்துக்கொள்ளமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. உடனே ஒரு வசனம் தயாரித்து, ஷிபினையும் மூன்று தடவை ஒப்பிக்கச் சொன்னேன். பிறகு வீட்டுக்குப் போய் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டேன்.

"லிஜி, நான் ராயப்பருக்கு ஒரு நேர்ச்சை நேந்துருக்கேன். ரோம்ல போய் அவரு கால தொட்டுக் கும்பிடணும்."

"என்னத்துக்கு நேந்திய?"

"உனக்குப் பிரசவ வலி வந்தப்பம்."

"அப்பம் நீங்க கேன்டீன்ல பரோட்டா தின்னுட்டுல்லா இருந்திய?"

"தின்னுக்கிட்டேதான் நேந்தேன்."

"இத்தன வருசமா சொல்லல்லியே?"

"கடன் மாதிரி நெஞ்சுல கெடந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு பிள்ளே."

லிஜி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. எடுத்துப் பேசினாள். "ஆமா... ஆமா... அப்படியா!" என்றாள். வைத்தாள்.

"அக்ஸா பேசினா. ஷிபின் தம்பியும் ராயப்பருக்கு நேந்துருக்காராம்."

"அடடா! என்ன பக்தி!"

"அவளுக்குப் பிரசவ வலி வந்தப்பம் நேந்தாராம்."

"பாத்தியா, அவனும்..."

"அவ இன்னும் உண்டாகவே இல்ல."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் வியர்த்தது. மூன்று தடவை ஒப்பிக்கச் சொன்ன நான், ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள் என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம்.

"சரி, நேர்ச்சைன்னு வாயால சொல்லியாச்சு. செலுத்தாம விட்டா பிள்ளைக்கு ஆகாது" என்றாள். "நானும் அக்ஸாவும் போய் செலுத்திட்டு வாறோம்."

"நேந்தது நான்லா?"

"நேந்தது நீங்க. வலிச்சது எனக்கு."

"அக்ஸாவுக்கு வலிக்கல்லியே!"

"இனி வலிக்கும்லா. முன்கூட்டியே செலுத்திரட்டும்."

"அப்பம் எனக்கு ஒண்ணுமே இல்லியா?"

"இல்லாம? நேர்ச்சைன்னா ஒருசந்தி உண்டும்லா. நாங்க வாறது வரைக்கும் ஒரு நேரம் கஞ்சி குடிச்சுட்டு இருங்க. கறி மீனு தொடப்பிடாது. பிள்ளைய வச்சுட்டுப் போறேன், அவ பாத்துக்கிடுவா."

பிள்ளையை நான் பார்த்துக்கொள்ள அல்ல. என்னைப் பிள்ளை பார்த்துக்கொள்ள.

இரண்டு விசாவையும் டிக்கெட்டையும் ஷிபினே தன் கையால் போட்டான். பெயர் அடிக்கும்போது முதலில் தன் பெயரையே அடித்து, பிறகு அழித்தேன் என்றான். வியாழக்கிழமை ஏர்போர்ட்டில் பெட்டி தூக்கிவிட்டோம். லிஜி பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் ஷிபினும் எதிரெதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். நடுவில் என் மகள் பொரித்த கோழி சாப்பிட்டாள். நான் ஒரு துண்டைப் பார்த்தேன். அவ்வளவுதான், பார்த்தேன்.

"டாடி, நோ. மம்மி கால் பண்ணினா நான் சொல்லிடுவேன்."

சனிக்கிழமை லிஜி போன் பண்ணினாள். பின்னணியில் பாட்டுச் சத்தம்.

"கோயிலா?" என்றேன்.

"கோயிலு காலையிலேயே முடிஞ்சு. இப்பம் தெருவோரம் ஒரு கடையில இருக்கோம். காப்பி நல்லா இருக்கு. எந்திரிக்கவே மனசில்ல."

எனக்கு வயிறு எரிந்தது. கஞ்சியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் சிவந்த முகத்தோடு வந்து இறங்கினார்கள். லிஜி எனக்கு ஒரு ஜெபமாலை கொடுத்தாள். இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று எனக்கு ஒரு நிம்மதி. கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

"அத ஏன் கவுத்துதிய?" என்றாள் லிஜி. "வருசா வருசம் வாறோம்னு நாங்க ரெண்டு பேரும் ராயப்பருக்குப் புதுசா நேந்துட்டுல்லா வந்துருக்கோம்."