பெயர் போட ஒரு முழம் இடம்

காலையில் சாரத்தின் மேல் ஏறுவதற்கு முன்பே போர்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். நேற்று சாயங்காலம் சுவரின் கீழ் மூலையில் எழுதிவிட்டுப் போன அவருடைய பெயரில் முதல் இரண்டு எழுத்தைக் காணோம். அந்த இடத்தில் ஐந்து விரலோடு ஒரு கை பதிந்திருந்தது. அதன் மேலும் பக்கத்திலுமாக இன்னும் ஆறேழு கை.

"யாருங்க இந்த வேலையைப் பண்ணது?"

தீயணைப்பு நிலைய வாசலில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மூன்று வீரர்களும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

"மழை வரும் போலிருக்கு" என்றார் ஒருவர். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

போர்டுக்காரர் முப்பது வருஷமாகக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஊரில் பாதிப் பேரின் பெயர் அவர் கையால் எழுதியதுதான். அவர் பெயர் மட்டும் எங்கேயும் கிடையாது. பலகை எழுதுகிறவன் தன் பெயரையும் அதில் போட்டுக்கொள்ள எந்தக் கடைக்காரர் சம்மதிப்பார்? இப்போதுதான் முதல் முறையாக வாய்ப்பு வந்திருந்தது. தீயணைப்புத் துறைக்கு நூறு வயது ஆனதைக் கொண்டாட, நிலையத்தின் நீண்ட வெளிச்சுவர் முழுக்க அதன் வரலாற்றை வரையச் சொல்லி நகராட்சி அவரைக் கூப்பிட்டிருந்தது. வாசலை ஒட்டிய கீழ் மூலையில், ஒரு முழ இடத்தில், வரைந்தவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது.

அந்த வரியை அவர் மனைவி மனப்பாடம் செய்துவிட்டாள்.

"திறப்பு விழாவுக்கு எங்க அண்ணன் குடும்பத்தோட வர்றார். இருபது வருஷமா 'உன் வீட்டுக்காரர் என்ன பண்றார், என்ன பண்றார்'னு கேட்டவர். பேரைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க."

"ஒரு முழம்தான் குடுத்திருக்காங்க."

"யாரோட முழம்னு எழுதியிருக்கா?"

திறப்பு விழா சனிக்கிழமை. அதற்கு முந்தைய நாள் ஐந்து மணிக்கு நகராட்சி இன்ஜினியர் வந்து பார்ப்பார். கறாரான மனுஷன். "எந்த இடத்துல கறை இருக்கோ, அந்த இடத்துல வெள்ளை அடிச்சு மூடிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

மற்றபடி படம் நன்றாகவே வந்திருந்தது. நிலைய அதிகாரி பழைய பதிவேடுகளை எல்லாம் தூசி தட்டி எடுத்துக் கொடுத்திருந்தார். வாளியைக் கைமாற்றிக் கைமாற்றியே ஒரு தெருவைக் காப்பாற்றிய முதல் பன்னிரண்டு பேர், குதிரை இழுத்த தண்ணீர் வண்டி, மணியடித்துக்கொண்டு வந்த முதல் மோட்டார் வண்டி, பஞ்சாலைத் தீயில் மூன்றாம் மாடியிலிருந்து ஒன்பது பேரை ஒருவர் பின் ஒருவராகத் தோளில் சுமந்து இறக்கியவர், வெள்ளத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலோடு தலைக்கு மேல் தூக்கிவந்த நான்கு பேர். வரைய வரைய அவருக்கு இந்த வீரர்கள் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. மணி அடித்தால் வாய்க்குப் போன கவளம் தட்டுக்குத் திரும்பிவிடும். நாற்பது எண்ணுவதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும். அவருக்குச் சட்டைப் பொத்தான் போடவே அதைவிட நேரமாகும்.

இப்படிப்பட்ட ஆட்களுக்கா சுவரில் கை வைக்கிற புத்தி?

பெயரை மறுபடி எழுதினார். 'ஈரம். தொடாதீர்கள்' என்று நிழல் வைத்த எழுத்தில் ஒரு பலகையும் எழுதி அதன் முன்னால் மாட்டினார். மத்தியானம் வண்டி ஒரு முறை வெளியே போய்வந்தது. அவர் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், பெயர் மேல் ஆறு கை. பலகையைப் பெயிண்ட் படாமல் பத்திரமாகக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

நேராக அதிகாரியின் அறைக்குப் போனார்.

"சார், உங்க ஆளுங்க என் படத்துல கை வைக்கிறாங்க."

"இருக்காதுங்க. படத்து மேல ஒரு விரல்கூடப் படக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருக்கேன். வேணும்னா வந்து பாருங்க. குதிரை மேல கை இருக்கா? வெள்ளத்துல இருக்கா?"

"என் பேரு மேல இருக்கே!"

"அடடா, பேருங்களா அது? நாங்க சும்மா விட்ட இடம்னு..." அதிகாரி சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"நாங்களா?"

"அவங்க. அவங்களைத்தான் சொல்றேன்."

"எதுக்குத்தான் சார் இப்படிப் பண்றாங்க?"

"சில விஷயத்தை எங்க ஆளுங்க வாயால சொல்றதில்லைங்க" என்று சொல்லி அதிகாரி வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டார். விடுவதற்குள் போர்டுக்காரர் பார்த்துவிட்டார். உள்ளங்கை முழுக்க நீலம். அவர் பெயரை எழுதிய அதே நீலம்.

தலைவரே இப்படி என்றால் இனி யாரிடம் முறையிடுவது? அடுத்த நாள் பெயரை இரண்டு ஆள் உயரத்துக்கு மாற்றி எழுதினார். கீழே காலியான மூலையில் கொழுந்துவிட்டு எரியும் தீயை வரைந்து நிரப்பினார். சாயங்காலம் வந்து பார்த்தபோது தீ பத்திரமாக இருந்தது. மேலே பெயர் மேல் எட்டுக் கை. கீழே தரையில் ஏணி ஊன்றிய இரண்டு பள்ளம். ஊரிலேயே உயரமான ஏணி வைத்திருக்கிறவர்களிடம் உயரத்தைக் காட்டியது தன் முட்டாள்தனம் என்று போர்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பெயர் மறுபடி கீழே இறங்கியது.

இத்தனை அவஸ்தைக்கும் நடுவில் அவருக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. எதிரே வீரர்களின் குடும்பங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், முதல் மாடி வராந்தாவில் ஓர் அம்மாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் சாரத்தின் மேலிருந்து பார்ப்பார், அந்த அம்மாள் கைவேலையைப் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பாள். உதடு வேறு அசையும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு நாள் மேலிருந்தே கேட்டாள். "தம்பி, அந்தச் சாரத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறீங்களா? மறைக்குது."

போர்டுக்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது. தனி ஆளாகச் சாரத்தை நகர்த்திவிட்டு, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைச் சொன்னார்.

"எனக்கு ஒரு ரசிகை இருக்காங்க, தெரியுமா?"

மனைவி நிமிர்ந்தாள். "என்ன வயசு?"

"என்னைவிட மூத்தவங்க."

"சரி, இருந்துட்டுப் போகட்டும்."

வெள்ளிக்கிழமை காலை கடைசி அஸ்திரத்தை எடுத்தார். பெயரை ஐந்தாவது தடவையாகப் புதிதாக எழுதிவிட்டு, சாரத்துப் பலகைகளைக் கழற்றி, அந்த மூலையைச் சுற்றி நெஞ்சுயரத்துக்கு மேல் வேலி அடைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கை என்ன, காற்றுகூட நுழைய முடியாது.

இரண்டு மணிக்கு மணி அடித்தது. ரசாயனக் கிடங்கில் தீ. இரண்டு வண்டி, அதிகாரியோடு சேர்த்துப் பதினாலு பேர். போன வேகத்தில் சாலையில் புழுதி அடங்க வெகு நேரமானது. ஊருக்கு வெளியே கறுப்பாகப் புகை எழும்பி மூன்று மணி, நாலு மணி என்று நின்றுகொண்டே இருந்தது. வரிசை வீடுகளில் ஒரு சத்தம் இல்லை.

நாலே முக்காலுக்கு வண்டிகள் வந்தன. வீரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முகம் முழுக்கக் கரி. ஒருவருக்குச் சட்டைக் கை பாதி கருகியிருந்தது. நிற்கவே தெம்பில்லை. ஆனாலும் யாரும் உள்ளே போகவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. வேலியின் முன்னால் வந்து வரிசையாக நின்று சுவரையே பார்த்தார்கள்.

கடைசியில் இவர்களுக்கும் கலை புரிந்துவிட்டது! போர்டுக்காரர் நெகிழ்ந்துபோனார்.

"அதோ, அந்தப் பஞ்சாலைத் தீயில பாருங்க, சுமந்துக்கிட்டு வர்றவர் முழங்காலை மடக்கியிருக்கார். அப்பத்தான் கனம் தெரியும். அதை மட்டும் மூணு நாள் போட்டேன்..."

பதினாலு பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். யாரும் நகரவில்லை. அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. ரெண்டு பலகையைக் கழட்டிக்கலாமா?"

"சார், அஞ்சு மணிக்கு இன்ஜினியர் வர்றார்! இன்னும் ஈரமா இருக்கு!"

"ரெண்டே நிமிஷம்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். எதிரே நின்ற முகங்களைப் பார்த்ததும் அவர் கை தானாகக் கயிற்றை அவிழ்த்தது.

ஒவ்வொருவராக வந்து சுவரில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்கள். முதல் நான்கு கையில் முதல் எழுத்து போனது. எட்டாவது கையில் பாதிப் பெயர் போனது. எதிர்வீட்டு அம்மாள் எப்போது இறங்கி வந்தாளோ, ஈரக் கையை முந்தானையில்கூடத் துடைக்காமல் பக்கத்தில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக, சட்டை கருகியவர் தள்ளாடி வந்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அம்மாள் அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

தெருமுனையில் இன்ஜினியரின் ஜீப் திரும்பியது. போர்டுக்காரர் அம்மாள் பக்கம் திரும்பினார்.

"அக்கா, பத்து நாளா வராந்தாவுல நின்னு என் படத்தை அப்படி ரசிச்சீங்களே. நீங்களாவது சொல்லுங்க, அதுல இப்படிக் கை வைக்கலாமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"படத்தை நான் எங்க தம்பி பார்த்தேன்? தீக்குப் போனவங்க திரும்பி வந்தா அந்த மூலையில ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டிட்டுத்தான் நூறு வருஷமா உள்ள போறாங்க, அந்தக் கை அத்தனையும் விழுந்துச்சான்னு எண்ணினப்புறம்தான் நாங்க எங்க வீட்டுல அடுப்பையே பத்த வைப்போம்."