தெருவைச் சுற்றி வந்த ரவிக்கைத் துண்டுகள்

நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துண்டு வைத்துக் கொடுக்கிறார்களே, அதை யாரும் தைத்துப் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. தைக்கவும் முடியாது. கை வெட்டினால் முதுகுக்குப் போதாது, முதுகு வெட்டினால் கை இருக்காது. ஒரு முறை துவைத்தால் சாயமெல்லாம் வாளியில் இருக்கும், கையில் கொசுவலை இருக்கும். ஆனாலும் கொடுப்பார்கள். வாங்கியவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போடுவாள். அடுத்த வருஷம் அதை இன்னொருத்திக்குக் கொடுப்பாள். அவளும் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கேட்டால் மங்களம் என்பார்கள்.

இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தெருவே செய்ததுதான். இந்த ஊர்வலத்தை நிறுத்தப் போகிறேன் என்று கிளம்பினேனே, அதற்குத்தான் வெட்கப்பட வேண்டும்.

துணிக்கடையில் கஜம் போய் மீட்டர் வந்த புதிது. கல்யாணமாகி பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒன்றரை அறை வீட்டில் இருந்தோம் (அரை என்பது சமையலறை, ஒருத்தர் உள்ளே போனால் இன்னொருத்தர் வெளியே வர வேண்டும்). என் வீட்டுக்காரர் மாணிக்கம் ஒரு தொழிற்சாலையில் டெம்பரரி. இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று தினமும் கேட்டில் நின்று முகம் பார்க்கிற உத்தியோகம். பர்மனென்ட் ஆக வேண்டுமானால் சூப்பர்வைசர் சிபாரிசு எழுத வேண்டும். அவர் எங்கள் தெருக்கோடியில்தான் குடியிருந்தார். அவர் என்ன எழுத வேண்டும் என்பதை அவர் மனைவி தனபாக்கியத்தம்மாதான் முடிவு செய்வார் என்று தெருவில் பேச்சு.

"கொலுவுக்கு வந்தா அந்த அம்மாவ நல்லா கவனிச்சுக்க சரோ. வேற ஒண்ணும் நீ பண்ண வேணாம்" என்றார் இவர்.

வேறு ஒன்றும் பண்ணாமல் இருக்கிற ஆளா நான்?

கொலுப் பொம்மைகளை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்தேன். கொக்கியைத் தொட்டதும் மூடி தானாக எழுந்தது. உள்ளே பொம்மைகளை விடத் துண்டுகள்தான் அதிகம். பாதிக்கு மேல், கொடுத்த காகிதப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் கிடந்தன. போன வருஷம் மூடியின்மேல் இவரை உட்கார வைத்துத்தான் பூட்டினேன். இந்த வருஷத்துக்கு இன்னொரு ஆளைக் கூப்பிட வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கமலாக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, எல்லாத்தயும் ஒண்ணா கலந்து வெச்சிக்கிற? எது யாரு குடுத்ததுன்னு ஞாபகம் இருக்கணும்டி. இந்தக் கோடி வீட்டுது அந்தக் கோடிக்குப் போவணும். குடுத்தவங்களுக்கே திரும்பிப் போயிடக் கூடாது."

"எதுக்குக்கா இந்தப் பாடு? துணி இல்லாதவங்களுக்குக் குடுத்துட்டா வேல முடிஞ்சுது."

கமலாக்கா பெட்டி மூடியை அமுக்கிப் பார்த்தாள். "நீ நல்லவதான். ஆனா சும்மா இரேன்" என்றாள்.

நான் இருக்கவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஜட்கா வண்டிக்காரர்கள் லைன். அங்கிருந்த பெண் குழந்தைகள் அண்ணன்மாரின் கிழிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகச் சுண்டலுக்கு வருவார்கள். அத்தனை துண்டுகளையும் மூட்டையாகக் கட்டி அல்சூர் பஜாரில் தையல்கடை ரஹீம் பாயிடம் கொண்டுபோய்ப் போட்டேன்.

"இதுல பிளவுஸ் ஆவாதும்மா" என்றார் பாய்.

"தெரியும் பாய். சின்னப் பொண்ணுங்களுக்கு கவுன் ஆவுமா?"

"சின்னதுக்கு ஆவும். பெரிய பொண்ணுன்னா மேல ஒரு பிட்டு, கீழ ஒரு பிட்டு ஜோடிக்கணும். எதுக்கு எத ஜோடிக்கிறது?"

"எதுக்கு எத வேணா ஜோடிங்க பாய், எனக்கு இன்னா வந்துது" என்றேன். என் வாழ்க்கையிலேயே அதைவிட முட்டாள்தனமாக நான் எதுவும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததும் குறைவு.

கவுன்கள் வந்தன. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் கையில் கொடுத்தேன். துணியை எங்கே பார்த்தேன்? அவர்கள் முகத்தைத்தான் பார்த்தேன், நன்றி சரியான அளவில் இருக்கிறதா என்று. பெரிய தர்மப் பிரபு. அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். "சரஸ்வதி பூஜை அன்னிக்கு சாயங்காலம் எல்லாரும் இத்தப் போட்டுக்கினு எங்க வீட்டுக்கு வரணும்" என்று வேறு சொல்லி வைத்தேன். அன்றைக்குத்தான் தனபாக்கியத்தம்மா வருவதாக இருந்தது. ஒரு டெம்பரரி மாணிக்கத்தின் மனைவிக்கு இவ்வளவு நல்ல மனசா என்று அந்த அம்மா வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும், சூப்பர்வைசர் பேனாவை எடுக்க வேண்டும். என் தர்மத்தின் லட்சணம் அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஒன்றரை அறையில் தெருவே உட்கார்ந்திருந்தது. தனபாக்கியத்தம்மாவுக்கு மட்டும் நாற்காலி. கமலாக்கா, தபால் ஆபீஸ் வீட்டுக் கன்னடத்து அம்மா, மாவு மில் வீட்டு அம்மா எல்லாரும் பாயில். தபால் ஆபீஸும் மாவு மில்லும் குழாயடிச் சண்டைக்குப் பிறகு பேசிக்கொள்வதில்லை. அதனால் ஆளுக்கொரு மூலை. அம்மா குடியாத்தத்தில் வாங்கிக் கொடுத்த பச்சை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நான் நடுவில் நின்று பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"இந்த வருஷம் நான் யாருக்கும் ஜாக்கெட் துணி குடுக்கலீங்க. வீணாத்தானே போவுது? அதுக்குப் பதிலா..."

அதுக்குப் பதில் வாசலில் வந்து நின்றது. முன்னால் ஜட்கா லைன் பெண் முனியம்மா. ஊதா நிறக் கவுன், மேலெல்லாம் மஞ்சள் கிளி. பத்து வீடு தள்ளி நின்றாலும் கத்துகிற கிளி.

தனபாக்கியத்தம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"கமலா, இது நான் உனக்குக் குடுத்தது இல்ல?"

"அது... அது வேறங்க. அதுல கிளி இந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்துது" என்றாள் கமலாக்கா.

தபால் ஆபீஸ் அம்மா சூதுவாது தெரியாதவர். "ஏன்ரீ, கிளித் துணி நான் உங்களுக்குக் கொடுத்தது தானே?" என்று தனபாக்கியத்தம்மாவைப் பார்த்தே கேட்டார். "எனக்கு மில் வீட்டம்மா கொடுத்தாங்க, அதுவும் நல்லா ஞாபகம்."

மில் வீட்டம்மா மூலையிலிருந்து, பேச்சு இல்லாததால் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஆசையா குடுத்தா இப்டித்தான் ஊரு மேய வுடுவாங்க."

அதற்குள் அடுத்தது உள்ளே வந்தது. பெரிய பெண். மேலே தபால் ஆபீஸ் வீட்டு ரோஸ், கீழே மில் வீட்டுக் கட்டம். வருஷக் கணக்காகப் பேசாத இரண்டு வீட்டையும் ரஹீம் பாய் இடுப்பில் ஒரே தையலில் சேர்த்திருந்தார். அதைப் பார்த்து இரண்டு அம்மாக்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். அவர்களுக்குள் நடந்த கடைசி ஒற்றுமை அது.

ஆளாளுக்குக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். இது நான் கொடுத்தது, அது அவள் கொடுத்தது, அவளுக்கு எப்படிப் போனது, உனக்கு ஏன் வந்தது. சரஸ்வதி பொம்மையை ஒருத்தரும் பார்க்கவில்லை. கொலுவில் கவுன்கள்தான் இருந்தன.

தனபாக்கியத்தம்மா என் பக்கம் திரும்பினார். "குடுத்தத மதிக்கத் தெரியணும்மா. தெருவக் கூப்ட்டு வெச்சி அவமானம் பண்றதா?"

நியாயமான கேள்வி. நான் தலையைக் குனிந்திருக்க வேண்டும். குனியத்தான் போனேன். அப்போது கடைசிக் குழந்தை வந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பச்சைக் கவுன். சிவப்புக் கரை. என் ரவிக்கையைப் பார்த்தேன். பச்சை. சிவப்புக் கரை. எல்லாரும் ஒரு முறை என்னைப் பார்த்தார்கள், ஒரு முறை குழந்தையைப் பார்த்தார்கள். அம்மாவும் மகளும் மாதிரி நின்றோம்.

அந்தத் துணியில் இரண்டு ரவிக்கைக்கு வாங்கி வந்திருந்தாள் அம்மா. ஒன்றை நான் தைத்துக்கொண்டேன். இன்னொன்றை, இந்தத் தெருவுக்கு வந்த முதல் நவராத்திரியில், முழு அளவோடு, மனசாரக் கொடுத்தேன். அது தெருவைச் சுற்றிவிட்டுக் காகிதப் பொட்டலத்தில் எனக்கே வந்திருக்கிறது. நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் எறிந்திருக்கிறேன்.

"இது நான் உங்களுக்குக் குடுத்ததுங்க" என்றேன் தனபாக்கியத்தம்மாவிடம். "நீங்க ரொம்ப மதிச்சிட்டீங்க."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் திரும்ப மாட்டிக்கொண்டார்.

எல்லாருடைய கண்ணும் கவுன்கள் மேல் இருந்தது. முனியம்மா இரண்டு கையாலும் கிளிகளை மூடிக்கொண்டாள். "அக்கா, இத்தக் கழட்டிக் குடுக்கணுமா?" என்று கேட்டாள்.

பிரசங்கம் செய்த நான் சுண்டல் பாத்திரத்தைக் கிளற ஆரம்பித்தேன்.

தனபாக்கியத்தம்மாதான் எழுந்தார். "வேணாம்மா. நீயாச்சும் போட்டுக்க" என்றார். அவள் தலையில் கை வைத்தார். அப்புறம் குங்குமம்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். சுண்டலைக் குழந்தைகளே தின்று முடித்தார்கள்.

அந்த வருஷம் பர்மனென்ட் ஆனவர்களில் மாணிக்கம் இல்லை. "பரவால்ல சரோ" என்று இவர் சொன்னார். அப்புறம் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லை.

அடுத்த நவராத்திரியில் தெருவில் எனக்கு யாரும் துணி கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தேங்காய் கொடுத்தார்கள். தேங்காய்க்குக் கை வைத்துத் தைக்க மாட்டாள் என்ற நம்பிக்கை. தனபாக்கியத்தம்மா வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் பூஜைக்கு மறுநாள் அவர் வீட்டிலிருந்து பெரிய மூட்டை ஒன்று வந்தது. உள்ளே அவர் வீட்டுத் துண்டுகள் அத்தனையும். கூடவே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார்: "பாய் கிட்ட, ஜோடிக்கும்போது பாத்து ஜோடிக்கச் சொல்லு."

அதற்குப் பிறகு சில வாரங்களில் இவருக்குப் பர்மனென்ட் உத்தரவு வந்தது. காகிதத்தை நெஞ்சோடு இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு முகத்தில் இருந்தது.

"அக்கா," என்றார், "இத்தக் கழட்டிக் குடுக்கணுமா?"

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்று இதைத்தான் கேட்கிறார். இப்போது பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். வீட்டில் யாரையும் நான் இரண்டு நிமிஷம் உற்றுப் பார்க்க முடிவதில்லை, உடனே சட்டைப் பொத்தானில் கை வைக்கிறார்கள்.